சனிக்கிரகத்துக்குப் போகவேண்டிய கூறைச் சீலை

1

என் மனைவி பூமணியின் கூறைச் சீலை என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. அது அங்கே இருக்கக்கூடாத பொருள். புருஷன் உயிரோடிருக்கும்போதே செத்துப்போகிறவளுக்கு அவளுடைய கல்யாணக் கூறையை உடுத்தி அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். போன கிழமை அவளுடைய ஆண்டுத் திவசம் முடிந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, மிஞ்சிய பாயசத்தைத் தயிர் வந்த வெறும் பேணிகளில் ஊற்றிக்கொண்டு போனார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு, கதிரையில் ஏறி அந்தச் சீலையைத் தொட்டுப் பார்த்தேன். ஊரில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு, அது எப்படி இங்கே தங்கிப்போனது என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். இங்கே சொல்லுவதற்கு ஆள் இல்லை.

முதலில் என்னைப் பற்றி. நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். நெல்லியடியில் ஒரு தையற்கடையில் பொத்தான் துளை கட்டத் தொடங்கினேன். கனடாவில் இந்த மொன்றியலுக்கு வந்து, கோட் தைக்கிற தொழிற்சாலையில் ஆவி இஸ்திரிப்பெட்டி பிடித்து, பிறகு மெசினில் இருந்து, பிறகு கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் சொந்தக் கடை போட்டவன். நகரத்தின் வக்கீல்மார் நீதிமன்றத்துக்குப் போடுகிற கறுப்பு அங்கிகளில் பாதி என் கையால் மடிப்பு வைத்தவை. ஒரு உடுப்பை ஒருதரம் பார்த்தால் போதும், அளவுநாடா இல்லாமல் அதேபோல் இன்னொன்று வெட்டுவேன். படித்த பிள்ளைகள் கம்பியூட்டரில் செய்கிறதை நான் கண்ணால் செய்வேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எனக்கென்று வேறு என்ன இருக்கிறது.

பூமணி டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்தவள். விமானம் வந்து இறங்கினால் உள்ளே ஏறி, அடுத்த சனம் வருவதற்குள் கூட்டித் துடைக்க வேண்டும். அவளோடு சோடியாக வேலை செய்தவள் ஹெயிட்டியிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பெண். அந்த மனிசியின் மகள் மிர்லாண்ட். எங்கள் மகள் தர்சினி. இரண்டு பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடம். என் மகள் என்னிடமிருந்து எப்படி விலகிப் போனாள் என்று கேட்டால், அந்தப் பள்ளிக்கூட பஸ்ஸில் இருந்துதான் கணக்கெடுக்க வேண்டும். ஏறும்போது தமிழ், இறங்கும்போது பிரெஞ்சு.

2

மிர்லாண்ட் வளர்ந்து சக்சபோன் ஊதுகிறவளானாள். தனக்கென்று ஒரு குழு வைத்திருக்கிறாள். அவர்கள் வாசிப்பதற்கு காஸ்மிக் ஜாஸ் என்று பெயர். தர்சினி அந்தக் குழுவுக்கு உடுப்புச் செய்கிறவளானாள். அவள் அதை உடுப்பு என்று சொல்லமாட்டாள். உடம்பில் போடுகிற சித்திரம் என்பாள். பழைய இசைத்தட்டு, செப்புத் தகடு, கண்ணாடித் துண்டு, மின்கம்பி எல்லாம் வைத்துத் தைத்தது. தோளில் போட்டால் ஒரு ஆள் நடந்து வருவதுபோல் இராது, ஒரு தேர் அசைந்து வருவதுபோல் இருக்கும்.

"இதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸிலை ஏறுவினமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பஸ்ஸிலை ஏறுறதுக்கு இல்லை அப்பா. இது ஆஃப்ரோஃபியூச்சரிசம்."

"அதென்ன வருத்தம்? மருந்து இருக்கோ?"

பூமணி சிரித்துவிட்டாள். தர்சினி சிரிக்கவில்லை. ஆனால் விளங்கப்படுத்தினாள். அடிமையாகப் பிடித்துக் கப்பலில் சாமான்போல் ஏற்றிக்கொண்டு வரப்பட்டவர்களின் பிள்ளைகள், எங்களுடைய காலம் பின்னால் இல்லை, முன்னால் இருக்கிறது என்று சொல்லி, விண்வெளியிலிருந்து வந்தவர்களைப்போல் உடுத்தி நிற்பது. பின்னால் போக ஊர் இல்லாதவர்கள் மேலே பார்க்கிறார்கள் என்றாள். அன்றைக்கு மிர்லாண்டும் எங்கள் சமையலறையில் இருந்தாள். அவள் பிரெஞ்சில் சொல்ல, தர்சினி தமிழாக்கினாள்.

"எந்த ஊர் எண்டு ஆரும் கேட்டால் சனிக்கிரகம் எண்டு சொல்லுவாவாம். அங்கை ஒருத்தரும் அடையாள காட் காட்டச் சொல்லமாட்டினமாம்."

"சனியோ!" என்றேன் நான். "நாங்கள் எள்ளெண்ணெய் எரிச்சு எரிச்சு அவரைப் போகச் சொல்லுறம். இவை அவரிட்டையிருந்து வருகினமோ?"

பூமணி மிர்லாண்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏழரை வருசம் என்ரை தலையிலை இருந்த மனுசன். எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள். தர்சினி, எனக்கும் அங்கை ஒரு இடம் பிடிச்சு வைக்கச் சொல்லு."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள் என்று நினைத்தேன். அகதி விண்ணப்பம், விசாரணை, திரும்ப விசாரணை, மொழி தெரியாத மேசைகளுக்கு முன்னால் பிறந்த திகதியைத் திரும்பத் திரும்பச் சொன்னது என்று அவளுடைய இளவயது முழுக்க இங்கே அப்படியே போனது. நான் கடையை உயர்த்திக்கொண்டிருந்தேன். மேசைகளுக்கு முன்னால் அவள்தான் நின்றாள்.

ஒருமுறை அவர்கள் வாசிக்கிறதைக் கேட்க டவுன்டவுனுக்குப் போனோம். ஒருத்தி ஒரு பக்கம் ஊத, மற்றவன் வேறெங்கோ அடிக்க, எனக்குத் தலை சுற்றியது.

"உதென்ன சத்தம்? ஆளுக்காள் கோபமோ?" என்று பூமணியின் காதுக்குள் கேட்டேன்.

"கோயிலிலை தீபம் காட்டேக்கை மணி, சங்கு, தவில் எல்லாம் சேந்து அடிக்குமே, அது உங்களுக்குச் சத்தமோ? இது அதுதான். இவை தீபத்தை இறக்குறேல்லை, அவ்வளவுதான்."

அவளும் என்னளவுதான் படித்தவள். ஆனால் இப்படியெல்லாம் சொல்லுவாள். நான் ஒருநாளும் அவளிடம் அதை மெச்சிச் சொன்னதில்லை.

3

பூமணிக்கு வருத்தம் வந்தது. என்ன வருத்தம் என்று எழுதப் பிடிக்கவில்லை, நீங்கள் நினைக்கிற வருத்தம்தான். வேலையை விட்டு வீட்டில் இருந்தபோது, எனக்குத் தெரியாமல், அவள் கூறைச் சீலையை எடுத்துத் தர்சினியிடம் கொடுத்துவிட்டாள். மிர்லாண்டின் பெரிய கச்சேரிக்கு, அவள் தோளில் போட ஒரு போர்வை செய்யச் சொல்லி.

நான் கடையிலிருந்து வந்தபோது தர்சினி அதை ஏற்கனவே வெட்டியிருந்தாள். அரக்குச் சிவப்புப் பட்டு, கையகலச் சரிகை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளாய்த் தைத்துத் தள்ளி, அந்தக் கூலியில் நான் எடுத்த சீலை. கொழும்பு லொட்ஜில், இரண்டு தேசத்து அகதி முகாம்களில், எல்லாச் சாமானும் களவு போனபோதும் அவள் வயிற்றோடு கட்டிக்கொண்டு காப்பாற்றிய சீலை. இப்போது துண்டங்களாகச் சமையலறை மேசையில் கிடந்தது.

"ஆரைக் கேட்டு வெட்டினனீ?"

"அவளைப் பேசாதேங்கோ. நான்தான் குடுத்தனான்" என்றாள் பூமணி.

"அது உன்னோட வரவேண்டிய சாமான்."

"என்னோட வந்து என்ன? எரியத்தானே போகுது. இது மேடையிலை நிக்கட்டும். அந்தப் பிள்ளை போட்டுக்கொண்டு நிக்கிறதை நான் ஒருக்காப் பாக்கோணும்."

தர்சினி செய்தது வெட்டியதும் மின்கம்பி வைத்ததும் மட்டும்தான். தகடுகளையும் கண்ணாடிகளையும் பிடித்துத் தைக்கிற வேலையைப் பூமணி எடுத்துக்கொண்டாள். மகள் வேலைக்கும் நான் கடைக்கும் போன பிறகு, யன்னலோரம் இருந்து கையால் தைப்பாள். நடுமுதுகில் ஒன்பது செப்பு வட்டங்கள் வைக்கப்போவதாகச் சொன்னாள், நவக்கிரகம்போல. ஒன்றையொன்று பார்க்காமல்.

"இந்த வீடும் அப்பிடித்தானே. மூண்டு பேர், மூண்டு பக்கம்" என்று எனக்குத் தேத்தண்ணீர் வைத்துக்கொண்டே சொன்னாள்.

மகளைக்கூட முழுதாகப் பார்க்க விடவில்லை. கைபேசியால் படம் எடுக்கவும் விடவில்லை. "முடிக்க முதல் படம் எடுத்தால் கண்ணூறு படும். முடிஞ்ச பிறகு உனக்கும் மிர்லாண்டுக்கும் சேத்து விரிச்சுக் காட்டுறன்" என்பாள். கடைசி வட்டத்தைத் தைத்து, மெல்லிய கடதாசி வைத்து மடித்து, ஒரு துணிப்பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். அடுத்தநாள் காலையில் அம்புலன்ஸ் வந்தது.

4

ஆஸ்பத்திரியில் எல்லாம் பிரெஞ்சு. என் பிரெஞ்சு தையற்கடைப் பிரெஞ்சு. இடுப்பைக் குறுக்க, கையை நீட்ட, கால்சட்டைச் சிப் மாற்ற எனக்குச் சொல் இருக்கிறது. நுரையீரலுக்கு இல்லை. டொக்டர் கதைக்க, தர்சினி தலையாட்ட, நான் அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் பூமணி இனித் தேறமாட்டாள் என்று அறிந்தேன்.

எதையும் முன்கூட்டிப் பார்க்கிறவன் நான். அதனால் நேரே மரணச்சடங்கு நிலையத்துக்குப் போனேன். கறுப்புக் கோட் போட்ட ஒருவர் என்னை மெத்தைக் கதிரையில் இருத்தி, மெதுவாகப் பிரெஞ்சில் சொன்னார். எரிப்பதானால் உடுப்பில் கண்ணாடி இருக்கக்கூடாது, உலோகம் இருக்கக்கூடாது, பற்றரி இருக்கவே கூடாது. விளங்கியதோ என்று கையால் வெடிப்பதுபோல் காட்டினார். அவருடைய கோட் கைமடிப்பு ஒருபக்கம் இறங்கியிருந்தது. அவர் சொன்னதோடு அதுவும் மனதில் நின்றது.

அன்று மத்தியானம் தர்சினி ரெலிபோன் எடுத்தாள்.

"அப்பா, அம்மாவின்ரை அறையிலை ஒரு துணிப்பை இருக்கு. திறக்காமல் கொண்டுவாங்கோ. இஞ்சை கட்டிலிலை வைச்சு விரிக்கப் போறம். மிர்லாண்டும் வாறாள்."

"ஓம், கொண்டுவாறன்" என்றேன்.

நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கதவில் கடை பூட்டு என்ற பலகையைத் திருப்பிவிட்டு, முடிச்சை அவிழ்த்தேன்.

என் எண்ணம் இதுதான். டொக்டர் கைவிட்டுவிட்டார். இவள் சுமங்கலியாகப் போகிறாள். கூறை இல்லாமல் அவளை அனுப்பினால் நான் என்ன மனிசன்? கண்ணாடியும் தகடுமாக அது போகவும் முடியாது. ஆனால் தைத்தது எதையும் பிரிக்கலாம். வெட்டியதையும் பொருத்தலாம். இந்த நகரத்தில் அதைச் செய்யக்கூடிய கை ஒன்று இருந்தால், அது என்னுடையது.

நூல்வெட்டியை எடுத்தேன். மகள் கேட்டபோதெல்லாம், "கடையிலை ஆள் நிக்கினம், நாளைக்குக் கொண்டுவாறன்" என்றேன். திரும்பவும் நாளைக்கு என்றேன். பூமணி கட்டிலில் கிடக்க, நான் மெசின் மேசைக்கு முன்னால் இருந்தேன். ஒவ்வொரு தையலாக அறுத்தேன். தகடு, கண்ணாடி, கம்பி எல்லாவற்றையும் ஒரு பிஸ்கற் தகரப் பேணிக்குள் போட்டேன். பிறகு சீலையின் உள்தலைப்பிலிருந்தே நூலை உருவி, விளிம்போடு விளிம்பு வைத்து, நெய்ததைப்போல இழையோட்டினேன். ஊசி போன துளைகளை ஆவி பிடித்து நகத்தால் நீவி மூடினேன். பல வருடத் தொழிலில் அப்படியொரு வேலை நான் செய்ததில்லை. இனியும் செய்யமாட்டேன். மேசை விளக்குக்குக் கீழே பிடித்தேன், பொருத்தின இடம் எனக்கே தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கியது. சந்தோசத்தில்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தர்சினி ஒருபக்கம், மிர்லாண்ட் மறுபக்கம். பூமணிக்கு மூச்சு மேலால் போய் வந்துகொண்டிருந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. சீலையை அவளுடைய நெஞ்சின் மேல் விரித்தேன்.

"இஞ்சை பார். எப்பிடி எடுத்துத் தந்தனோ அப்பிடி."

அவள் சரிகையைத் தடவினாள். தடவிக்கொண்டே போனாள். பிறகு சீலைக்கு அடியில் கையை விட்டுத் தேடினாள். என்னைப் பார்த்தாள்.

"மற்றது எங்கை?"

தர்சினிக்கு விளங்கிவிட்டது. அவள் எழும்பி யன்னலடிக்குப் போய் நின்றுகொண்டாள். என்ன நடந்தது என்று மிர்லாண்ட் பிரெஞ்சில் கேட்க, தர்சினி ஒரே ஒரு சொல்லில் பதில் சொன்னாள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். கடையில் தினமும் பாவிக்கிற சொல்தான். பிரித்தாயிற்று.

பூமணி அதற்குப் பிறகு கதைக்கவில்லை. அடுத்தநாள் பின்னேரம் போய்விட்டாள்.

5

இதோடு முடிந்திருந்தாலும் நான் ஒருமாதிரித் தாங்கியிருப்பேன்.

பூமணியின் தமக்கை, நாங்கள் மூத்தக்கா என்று கூப்பிடுகிறவர், ரொறன்ரோவிலிருந்து வந்தார். உடுத்துகிற அறையில் பெண்கள் மட்டும்தான். நான் சீலையைக் கதவடியில் அவர் கையில் கொடுத்தேன். அவருக்குக் கண் பார்வை குறைவு. அதனால் பார்க்கவில்லை, விரல்களுக்கிடையில் விட்டு இழுத்தார். ஒரு இடத்தில் நின்றார். இன்னும் கொஞ்சம் இழுத்தார். திரும்பவும் நின்றார்.

"தம்பி, இது தைச்ச சீலையெல்லே."

"பொருத்தினது அக்கா. பாத்தால் தெரியாது."

"தெரியாட்டில் என்ன, ஊசி பட்டிட்டுதே. வெட்டித் தைச்ச துணியைப் போட்டுப் பிரேதத்தை அனுப்பிறதோ? நீர் தையற்காரன், உமக்குத் தெரியாதோ?"

எனக்குத் தெரியும். ஊரில் செத்தவீட்டுக்குக் கோடித் துணி வாங்க வருகிறவர்களுக்கு, தையல் படாததாக எடுத்துக் கொடுத்ததே நான்தான். சின்ன வயதில் அந்தக் கடையில் நான் செய்த முதல் யாவாரம் அது. அந்த நாட்களில் ஒருகணமாவது அது எனக்கு ஞாபகம் வரவில்லை. கை வேலை செய்துகொண்டிருந்தால் எனக்குத் தலை வேலை செய்வதில்லை.

மூத்தக்கா தன் பெட்டியில் கொண்டுவந்த புதுச் சீலையை உடுத்தினார். கடைச் சீலை. ஊதா நிறம். பூமணிக்கு ஊதா பிடிக்காது. அதோடுதான் போனாள்.

மிர்லாண்டின் கச்சேரி அதற்கடுத்த கிழமை நடந்தது. நான் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். எல்லோரும் பளபளவென்று நிற்க, அவள் மட்டும் போர்வை இல்லாமல் வெறும் கறுப்பு ரீ-சேர்ட்டோடு நடுவில் நின்று ஊதினாள். எல்லாம் சேர்ந்து அடிக்கத் தொடங்கியபோது பூமணி சொன்னது எனக்கு விளங்கியது. சொல்ல ஆள் இல்லை.

6

தர்சினி திவசத்துக்கு வந்தாள். சப்பாத்து வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்து, இலையில் போட்டதைச் சாப்பிட்டு, "மெர்சி பப்பா" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். வருடம் முழுவதும் அவள் என்னைத் திட்டியதில்லை. திட்டினால் தமிழில் திட்ட வேண்டிவரும்.

நேற்று நான் சீலையையும் பிஸ்கற் பேணியையும் எடுத்துக்கொண்டு மெற்றோ பிடித்து அவளுடைய வேலைத்தலத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் மடியில் பேணி கிலுங்கிக்கொண்டு வந்தது. அவள் கதவைத் திறந்து, பேணியைப் பார்த்து, உள்ளே விட்டாள்.

சீலையை மேசையில் விரித்தேன்.

"நான் திருப்பித் தைக்கிறன் பிள்ளை. எங்கை எது எண்டு நீ சொல்லு. வெட்டு. நான் கோபிக்கமாட்டன்."

அவள் கனநேரம் சீலையைப் பார்த்தாள். "நல்லாப் பொருத்தியிருக்கிறீங்கள்" என்றாள். அவள் என் வேலையைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அந்தச் சீலையைப் பற்றியா வரவேண்டும்.

"அப்பா, எனக்குத் தெரியாது. நான் வெட்டித்தான் குடுத்தனான். தைச்சது முழுக்க அம்மா."

"கோயிலிலை பாத்து ஒன்பதையும் வைப்பமே. எந்தக் கிரகம் எந்தப் பக்கம் எண்டு ஐயரைக் கேக்கலாம்."

"அது கோயில் அடுக்கு இல்லை. சனியை நடுவிலை வைக்கப் போறன் எண்டு சொன்னவ. மிச்சம் எனக்குச் சொல்லேல்லை. விரிச்சுக் காட்டுறன் எண்டவ."

அவள் மேசையிலிருந்த, துணியில் கோடு போடுகிற தையற் சோக்கை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"முடிஞ்ச பிறகு அதை விரிச்சுப் பாத்த ஆள் நீங்கள் மட்டும்தான் அப்பா. நீங்கள் சொல்லுங்கோ. எப்பிடி இருந்தது?"

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். அவளுடைய முகம், சின்னவயதில் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறுவதற்கு முந்தி இருந்த முகம்போல் இருந்தது.

எந்தத் தையற்காரனும் ஒரு உடுப்பைப் பிரிக்கும்போது துண்டுக்குத் துண்டு சோக்கால் அடையாளம் போடுவான், திரும்பத் தைக்க வேண்டும் என்பதற்காக. எனக்குக் கீழே வேலை செய்தவர்கள் அது போடாமல் பிரித்தால் அவர்களை அடித்திருக்கிறேன். அந்த நாட்களில் நான் ஒரு கோடும் போடவில்லை. திரும்பத் தைக்கும் எண்ணமே இருக்கவில்லை.

சோக்கை வாங்கிக்கொண்டேன். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். ஒருதரம் பார்த்தால் அதேபோல் வெட்டுகிறவன் நான். எனக்கு ஞாபகம் வந்தது, நூல். கறுப்பு நூல், இரட்டையாக, முடிச்சுக்கு மேல் முடிச்சு. அவளுக்குக் கை நடுங்கத் தொடங்கிய பிறகு தைத்தது என்று தெரிகிற கோணல் தையல். எதை முதலில் அறுத்தேன், எது இலகுவாக வந்தது, எது வரமாட்டேன் என்றது, அதெல்லாம் ஞாபகம் வந்தது. அதைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் தள்ளி நின்று, முழுதாகப் பார்த்ததாக ஒரு ஞாபகமும் வரவில்லை. பையிலிருந்து எடுத்த கையோடு மேசையில் குப்புறப் போட்டுவிட்டேன். தையல் தெரிவது உட்புறத்தில்தானே.

"நான் பாக்கேல்லைப் பிள்ளை" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பேணியை மூடி, தன் பக்கம் வைத்துக்கொண்டாள். சீலையை மடித்து என் கையில் தந்தாள். மடிக்கும்போது அவளுடைய விரலும் பொருத்தின இடங்களில் நின்று நின்று போனது.